காடை எங்களுக்கு ஆகாது

ஜனவரி 7, புதன்

கும்மிப் பயிற்சி முடிந்து வரும் வழியில் பூங்கோதை ஆரம்பித்தாள். "அக்கா, எல்லாரும் மதுரை மதுரைங்கறாங்க. நாம ஒருக்காப் போய்ட்டு வரலாமுங்களா? நீங்க நான் ரெண்டே பேரு. எங்க தங்கறது, எங்க திங்கறதுன்னு நீங்கதான் பாக்கோணும்."

என்னிடம் இப்படி ஒரு வேலையைக் கொடுத்தால் போதும். குரங்கு கையில் பூமாலை என்று வீட்டுக்காரர் சொல்வார். நான் அதைக் கோத்தே கொடுத்துவிடுவேன் என்பது அவருக்கும் தெரியும். அவருடைய மஞ்சள் மண்டி ஆட்களைப் போன வருஷம் பழனிக்கு அழைத்துப் போய், ஒருவர் செருப்புகூடத் தொலையாமல் ஈரோட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தவள் நான்.

பிப்ரவரி முதல் வாரம் சனி, ஞாயிறு என்று முடிவு செய்தோம்.

ஜனவரி 9, வெள்ளி

இன்று முழுக்கச் சாப்பாடுதான் யோசனை. காலையில் இறங்கியதும் இட்லி, நாலு சட்னியோடு. பதினோரு மணிக்குப் பருத்திப்பால். வெயில் ஏறியதும் ஜிகர்தண்டா. சனிக்கிழமை கோயில், அதனால் சைவம். ஞாயிறு மத்தியானம் ஒரு கறி மெஸ். தெற்குவாசல் பக்கம் இருக்கிறதாம், மண்டிக்கு வரும் மதுரை வியாபாரி சொன்னார். அயிரை மீன் குழம்பும் காடை வறுவலும் அங்கே பிரமாதமாம்.

காடை எங்களுக்கு ஆகாது. நாங்கள் காடைக் கூட்டம், எங்கள் குலத்துக்கே அந்தப் பறவையின் பெயர்தான். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றே மாமியார் சொல்லிவிட்டார், அந்தப் பறவையை இந்தக் குடும்பத்தில் யாரும் தொடுவதில்லை என்று. முப்பது வருஷமாக அதன் ருசி எனக்குத் தெரியாது. பூங்கோதை வேறு கூட்டம், அவள் வேண்டுமானால் தின்னட்டும். நான் அயிரை மீனோடு நிறுத்திக்கொள்வேன்.

ஜனவரி 10, சனி

மகள் கிருத்திகா மடிக்கணினியை மூடிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் வரட்டுமாம்மா?" என்றாள். கேட்டதே அதிசயம். ஐப்பசிக்குப் பிறகு இந்தப் பெண் எங்கேயும் போக வேண்டும் என்று சொன்னதில்லை.

ஐப்பசியில் பூங்கோதைதான் ஒரு வரன் கொண்டுவந்தாள். காங்கேயத்துக் குடும்பம், பையன் பெயர் கோகுல்நாத், பல் டாக்டர். மதுரையில் தனியாக ஆஸ்பத்திரி வைத்திருக்கிறான். அதுவரை வந்த வரனுக்கெல்லாம் மூக்கு சரியில்லை, பேச்சு சரியில்லை என்ற கிருத்திகா, இவன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சரி, பேசுங்க" என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். சாதகத்தையும் போட்டோவையும் பூங்கோதை கையில் கொடுத்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து வந்து திண்டாடினாள். "அக்கா, எப்படிச் சொல்றதுன்னே தெரியல. அவங்க வேற கூட்டம்னு நெனச்சுட்டேன். விசாரிச்சா அவங்களும் காடைதானாம்."

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? ஒரே கூட்டம் என்றால் பங்காளி. பையன் அண்ணன் முறை. எங்கள் பக்கம் ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுப்பதும் இல்லை, எடுப்பதும் இல்லை. பொருத்தம் இல்லை என்றால் இன்னொரு ஜோசியரிடம் போகலாம். இதற்கு எந்த ஜோசியரிடம் போவது?

கிருத்திகா சிரித்துக்கொண்டே, "அண்ணன் போட்டோவ வச்சுட்டு என்னம்மா பண்றது" என்று போனிலிருந்து அழித்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. தலைவலி என்றாள்.

அவள் வந்தால் நன்றாகத்தான் இருக்கும். பூங்கோதையிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 11, ஞாயிறு

சொன்னேன். பூங்கோதையின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "புள்ளைக வந்தா நாம புள்ளைக பின்னாலயே ஓடோணும்க்கா. நம்ம ரெண்டு பேருக்குன்னுதானே போறோம்." அதுவும் நியாயம்தான். கிருத்திகாவிடம் அடுத்த முறை என்றேன். "சரிம்மா" என்று மடிக்கணினியைத் திறந்துவிட்டாள்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் வேலையெல்லாம் ஒழிந்தது. மாசி வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் சனிக்கிழமை சாயங்காலம் பழைய பாட்டுக் கச்சேரி நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். நேயர் விருப்பம் உண்டாம். நானும் பூங்கோதையும் முதன்முதலில் பேசியதே பாட்டால்தான். ஆறு வருஷத்துக்கு முன் கும்மிப் பயிற்சியில் நான் அடி தப்பி ஆடியபோது, பின்வரிசையிலிருந்து என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடிக்கொடுத்தாள். எனக்குக் கூடப் பிறந்த தங்கை இல்லை. இவளைப் பார்த்த பிறகு அந்தக் குறை இல்லை. கிருத்திகாவுக்கு அவள் சித்தி, அவள் மகள் தாரணிக்கு நான் பெரியம்மா.

என்ன பாட்டுக் கேட்பது என்று போனில் முக்கால் மணி நேரம் சண்டை போட்டோம். மகாலை ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம் என்று வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர், "மதுரையப் பாக்கப் போறீங்களா, புடிக்கப் போறீங்களா?" என்கிறார்.

ஜனவரி 24, சனி

பூங்கோதைக்கு எப்போதும் என் திட்டம்தான் வேதம். இந்த முறை ஒரே ஒரு இடத்தில் மட்டும் பிடிவாதம். நான் கோயிலைக் காலையில் போட்டிருந்தேன். அவள், "சாயங்காலம் அஞ்சு மணிக்கு வைங்கக்கா. பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காரோணும்" என்றாள். ஏன் என்றால், அந்த நேரம் வெளிச்சம் நன்றாக இருக்குமாம். உள்ளே போன் கொண்டுபோகவே விடமாட்டார்கள், வெளிச்சம் எதற்கு? சரி, ஆசைப்படுகிறாள் என்று மாற்றிவிட்டேன்.

பட்டுச்சேலை எடுத்து வைக்கட்டுமா என்றும் கேட்டாள். கோயிலுக்குப் பட்டு கட்டினால் தப்பா என்ன.

பிப்ரவரி 2, திங்கள்

டிக்கெட், அறை எல்லாம் முடிந்தது. முறுக்கு சுட வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன்

தாரணியும் வருகிறாளாம். லீவு கிடைத்துவிட்டதாம். நேற்றுத்தான் முடிவானதாம். பூங்கோதை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்றது. என் பெண் கேட்டபோது பிள்ளைகள் வேண்டாம். அவள் பெண் என்றால் பரவாயில்லையா? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன். தாரணி நல்ல பெண். வரட்டும்.

கிருத்திகாவிடம் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். "நல்லதுதான்மா, உங்களுக்குப் பை தூக்க ஆளாச்சு" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 7, சனி. மதுரை

எழுத நிறைய இருக்கிறது. எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

இட்லி சொன்னது போலவே. தாரணி எட்டு தின்றாள். பருத்திப்பாலில் சுக்கு வாசம் மூக்கில் ஏறியது. பூக்கடையில் நின்று மல்லிகை நாலு முழம் நானே பொறுக்கி வாங்கினேன், ஆளுக்கு ஒரு முழம், சாமிக்கு ஒரு முழம். பூங்கோதை தன் பங்கையும் தாரணி பங்கையும் தலையில் வைக்காமல் இலையோடு மடித்துப் பையில் போட்டாள். கோயிலுக்குள் போய் வைத்துக்கொள்வோம் என்றாள்.

ஐந்து மணிக்குப் படியில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த மாத்திரத்தில், "அக்கா, அந்தச் சத்தம் வர்ற தூணு எங்கன்னு நீங்க போய்க் கேட்டு வச்சுட்டு வாங்க. அப்பறம் ஒண்ணாப் போய்ப் பாக்கலாம்" என்றாள். எனக்கும் அதைப் பார்க்க ஆசைதான். போனேன், ஒரு காவலரிடம் கேட்டேன், வழி தெரிந்துகொண்டு திரும்பினேன்.

திரும்பி வந்தால் என் இடத்தில் வேறு ஓர் அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். என் வயதுதான் இருக்கும். தாரணியின் தலையைத் திருப்பிப் பூ வைத்துக்கொண்டிருந்தார். நான் பொறுக்கி வாங்கிய பூ. நாலு படி கீழே ஒரு பையன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பூ வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கோயிலில் வைத்துப் பெண் பார்த்து, பிடித்துப்போனால் மாப்பிள்ளையின் அம்மா செய்வது அது. பையன் திரும்பினான். போட்டோவில் பார்த்த முகம். கோகுல்நாத்.

பூங்கோதை என்னைத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனாள். "கண்ணு பட்டுடும்னு யாருகிட்டயும் மூச்சு விடலக்கா. உங்களுக்கு ஆகாத எடம், தாரணிக்காவது பாக்கலாம்னு…" அவள் கண் கலங்கியிருந்தது.

எனக்கு வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் பொய். என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் கண் வைக்கிறவளா? ஆனால் யோசித்துப் பார்த்தால் இதில் எனக்கு என்ன நஷ்டம்? பங்காளி வீட்டுப் பையன். கிருத்திகாவுக்கு எந்தக் காலத்திலும் இல்லை. தங்கை மாதிரி இருப்பவளின் பெண் போய் நன்றாக இருக்கட்டும். அப்படி நினைத்துக்கொண்டு போய்ப் பையனின் அம்மாவிடம் நானே பேசினேன். ருக்குமணியம்மா என்று பெயர். கலகலப்பான மனுஷி. "நாளைக்கு மத்தியானம் எங்ககூடச் சாப்பிட வாங்க, நல்ல மெஸ் ஒண்ணு பாத்து வச்சிருக்கறேன்" என்றேன். பூங்கோதை அவசரமாக, "அவங்களுக்கு வேல இருக்கும்க்கா" என்றாள். "ஞாயித்துக்கெழமை என்னங்க வேல" என்று அந்த அம்மா ஒப்புக்கொண்டார்.

கச்சேரிக்கு நான் மட்டும் போனேன். அவர்கள் இன்னும் பேச வேண்டியிருந்ததாம், பின்னாலேயே வருகிறோம் என்றார்கள். பக்கத்து நாற்காலியில் கைப்பை, அதற்கடுத்ததில் தண்ணீர் பாட்டில் என்று இடம் பிடித்து வைத்திருந்தேன். இரண்டு பேர் வந்து கேட்டார்கள், ஆள் வருகிறது என்று அனுப்பினேன். நாங்கள் சண்டை போட்டுத் தேர்ந்தெடுத்த பாட்டைப் பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து கேட்டபோது கைப்பையை எடுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

மகாலைப் பார்த்தோம். அங்கே ஒரு தூணை மூன்று பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாது.

மத்தியானம் மெஸ். ருக்குமணியம்மா, பையன், நாங்கள் மூவர். பூங்கோதை எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் உட்காரப் பார்த்தாள். அந்த அம்மாதான், "நீங்க சம்பந்தி, அக்கட்ட உக்காருங்க. திட்டம் போட்டவங்க எம் பக்கத்துல இருக்கட்டும்" என்று என்னை இழுத்து உட்கார வைத்தார். இலை போட்டதும் பரிமாறுகிறவரிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "காடை நாலு கொண்டாங்க."

நான் சிரித்துவிட்டேன். மதுரைக்கு வந்து வழக்கத்தை விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்தேன். "ஏனுங்க, நம்ம கூட்டத்துல அதத் தொடறதில்லீங்களே" என்றேன்.

"நம்ம கூட்டமுங்களா? நீங்க என்ன கூட்டமுங்க?"

"காடைங்க."

"அட, நாங்க செங்கண்ணனுங்க. எங்களுக்கு என்ன வந்துது, நல்லாச் சாப்பிடுவோம்." அவர் என் கையைத் தட்டினார். "என்ற அம்மாவே காடைக் கூட்டத்துப் பொண்ணுதானுங்க. ரெண்டு கூட்டத்துக்கும் காலங்காலமாக் குடுக்கல் வாங்கல் இருக்குது."

எதிரில் பூங்கோதை தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கனவே துடைத்த இலை.

காடை வந்தது. ருக்குமணியம்மா ஒன்றைப் பிய்த்துப் பையன் இலையில் பாதி வைத்தார். நான் கேட்டேன். "ஐப்பசியில உங்களுக்கு ஒரு சாதகம் வந்துச்சுங்களா? ஈரோட்டுப் பொண்ணு, கம்ப்யூட்டர் கம்பெனில வேல."

"இல்லீங்களே. பூங்கோதை குடுத்தது தாரணி சாதகம் ஒண்ணுதானுங்க."

தாரணி சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தாள். "யாரு சாதகம் பெரியம்மா?"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. முகத்தில் எழுதியிருந்தது. நேற்று வைத்த பூ வாடியும் எடுக்காமல் வைத்திருந்தாள். நான் வாயைத் திறந்தால் அந்த இலையிலேயே எல்லாம் முடிந்துவிடும்.

"யாரோ கண்ணு. ஆள மாத்தி நெனச்சுட்டேன். நீ சாப்பிடு" என்றேன்.

அயிரை மீன் குழம்பு எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அறைக்கு வந்து தாரணி குளிக்கப் போனதும் கதவைச் சாத்தினேன். பூங்கோதை அழவில்லை. அழுவாள் என்று நினைத்தேன்.

"கிருத்திகா போட்டோவையும் தாரணி போட்டோவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தேன்க்கா. உங்க பொண்ணுக்குப் படிப்பு இருக்குது, வேல இருக்குது. நூறு வரன் வரும். என்ற பொண்ணுக்கு பி.ஏ.ல ரெண்டு பேப்பர் நிக்குது. நாலு எடத்துல பாத்துட்டு வேண்டாம்னுட்டாங்க. இந்த எடத்த நான் எப்படிக்கா வுடுவேன்?"

"கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேன்னு பொய் சொல்ல மாட்டேன் பூங்கோதை. ஆனா கூட்டத்தச் சொல்லியா ஏமாத்துவ? அவன எம் பொண்ணுக்கு அண்ணன் ஆக்கிட்டியே."

"வேற எதச் சொல்லியிருந்தாலும் நீங்க விசாரிச்சிருப்பீங்க."

உண்மை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். "அப்பறம் என்னைய எதுக்கு இங்க இழுத்துட்டு வந்த?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் தேடவில்லை, உண்மையைத்தான் தேடினாள். "எனக்கு மதுரை தெரியாதுக்கா. நீங்க திட்டம் போட்டாத்தான் எல்லாம் ஒழுங்கா நடக்கும்."

ஆறு வருஷம் தங்கை தங்கை என்று நெஞ்சில் வைத்திருந்தேன். அவள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க நானே நேரம் குறித்து, நானே பூ வாங்கிக் கொடுத்து, நானே விருந்துக்கும் அழைத்திருக்கிறேன். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். எனக்குக் கத்தியைத் தீட்டிக் கொடுக்கும் வேலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள்.

பிப்ரவரி 9, திங்கள்

கும்மிக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

பிப்ரவரி 12, வியாழன்

நாலு நாளாகக் கிருத்திகா கேட்டுக்கொண்டே இருந்தாள், மதுரை எப்படி என்று. இட்லியைச் சொன்னேன், மகால் தூணைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு என்ன கிடைக்கும்? தாரணிக்குப் பூ வைத்தாயிற்று. போனது போனதுதான். தெரியாமலே இருந்துவிட்டால் என் பெண்ணுக்கு வலி ஒன்றோடு நிற்கும் என்று கணக்குப் போட்டேன். நான் போடும் திட்டம் எதுவும் தப்பாது என்ற திமிர், வேறென்ன.

இன்று சாயங்காலம் நான் தோசை ஊற்றும்போது அடுப்படிக்கு வந்தாள். பூ வைத்ததைத் தாரணி போனில் சொல்லிவிட்டாளாம், பையன் யார் என்பது வரை. கிருத்திகா மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே பேசினாள். குரலைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளக் கஷ்டப்பட்டது எனக்குக் கேட்டது.

"நல்ல பையந்தான்மா. தாரணிக்குக் கெடச்சதுல எனக்கும் சந்தோஷம்தான். அவருக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையாமே? இணைச்சீர் நான் செய்யறேன்னு சித்திகிட்டச் சொல்லட்டுமா? எனக்கு அண்ணன் முறைதானே."

எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளைக்கு அவன் தங்கை செய்ய வேண்டிய சீர் அது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பங்காளி வீட்டுப் பெண் கூடையோடு வந்து அவன் பக்கத்தில் நிற்பாள். என் பெண் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அவன் தங்கையாகப் போய் நிற்கக் கிளம்பிவிட்டாள்.

"அவன் உனக்கு அண்ணன் இல்ல, கண்ணு" என்றேன்.

தோசை கருகியது. அவள்தான் அடுப்பை அணைத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், மெஸ்ஸில் வந்த காடை வரைக்கும். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்களுக்கு ஞாயித்துக்கெழமையே தெரியுமா?"

"தெரியும்."

"நீங்களுமாம்மா?" என்றாள். இறங்கித் தன் அறைக்குப் போனாள். கதவைச் சத்தம் இல்லாமல் சாத்தினாள்.

பூங்கோதை செய்தது ஒன்று. இந்தக் கேள்வி எனக்கு அதைவிடப் பெரிதாக இருக்கிறது. இதற்கு நான் யாரைத் திட்ட?

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் பூங்கோதை வந்தாள், கையில் வெற்றிலை பாக்குத் தட்டு. நிச்சயத்துக்கு அழைக்க வந்திருந்தாள். கிருத்திகாதான் கதவைத் திறந்தாள். மூன்று நாளாக என்னிடம் வேண்டியதற்கு மட்டும்தான் பேசுகிறாள்.

"வாங்க" என்றாள். சித்தி என்று சொல்லவில்லை. பூங்கோதைக்கு அது உறைத்தது, வாசற்படியிலேயே ஒரு கணம் நின்றாள். பிறகு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சு. கோவத்த மனசுல வச்சுக்காதீங்க. மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாம் நீங்க நின்னாத்தான் நடக்கும். எனக்கு வேற யாரு இருக்காங்க" என்று எழுந்து தட்டை என் பக்கம் நீட்டினாள்.

கிருத்திகா தண்ணீர்ச் சொம்பைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். இந்த மூன்று நாளில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள். பிறகு பூங்கோதை பக்கம் திரும்பி, பரிமாறும்போது பேசுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

"கல்யாணம் முடிஞ்சு கறி விருந்து வைப்பீங்கல்ல, அதுல காடை வைங்க. மாப்பிள்ள வீட்டுல நல்லாச் சாப்பிடுவாங்க. எங்களுக்குத்தான் ஆகாது."

சொல்லிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். பூங்கோதை தட்டை நீட்டியபடியே நின்றாள். நான் கையை நீட்டவில்லை.